ஆண்டறிக்கை: பாட்டி நம்மை மறந்த வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், சந்தா கட்டியதோடு நிற்காமல் நம் சிம்பன்சி சரணாலயத்துக்கு வாராவாரம் வந்து கீரை நறுக்கிய உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் அம்மையார் 2025 அக்டோபர் 1 அன்று தமது 91ஆம் வயதில் காலமானார். 1960ல் இன்றைய தான்சானியாவில் உள்ள கோம்பே காட்டுக்குப் போனபோது அவரிடம் பட்டம் எதுவும் கிடையாது. ஒரு சிம்பன்சி புல் தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்டு வரும் கரையான்களை உதட்டால் வழித்துத் தின்றதைப் பார்த்து எழுதினார். நம் சரணாலயத்தில் சிமெண்டால் கட்டிய போலிப் புற்று இருக்கிறதே, அதன் ஓட்டைகளில் தினமும் நாம் ஊற்றி வைக்கும் பழக்கூழை நம் சிம்பன்சிகள் குச்சி விட்டு எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மையார் ஞாபகம்தான் வருகிறது. கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை சுமார்தான்.

இந்த வருடம், பாட்டி என்று நாம் கூப்பிடும் சிம்பன்சியின் வருடம், அதனால் அவளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். வேடிக்கை காட்ட வளர்க்கப்பட்டவள், கோரைப் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள், பல வருடம் தனியாக அடைபட்டுக் கிடந்தாள். வந்த புதிதில் ஆள் சத்தம் கேட்டாலே கம்பி வலைக்கு ஓடி வந்து விரலை நீட்டுவாள், பக்கத்து அறையில் மற்ற சிம்பன்சிகள் கூவினால் மூலையில் போய்ச் சுருண்டுகொள்வாள். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து மனிதர்களிடம் வளர்ந்தவளுக்குத் தன் இனத்திடம் எப்படி வணக்கம் சொல்வது என்றே தெரியவில்லை. நமக்கோ அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஆள் மாற்றி ஆள் தினமும் போய் உட்கார்ந்தோம். அப்போதுதான் பராமரிப்பாளர்கள், தயவுசெய்து கொஞ்ச நாள் வராதீர்கள் என்றார்கள். நம்மில் சிலருக்கு அது வலித்தது, எனக்கும் வலித்தது, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதுதான் சரி. நாம் வலைக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அவளை மற்றவர்களின் கூட்டத்தோடு சேர்த்து வைப்பது சாதாரண வேலை இல்லை. வளர்ந்த சிம்பன்சிகளின் சண்டையில் விரல் போகும், காது போகும், உயிரே போகலாம். முதலில் வலை வழியாகப் பார்க்க மட்டும் விட்டார்கள். பிறகு விரல் தொட்டுக்கொள்ள. பிறகு சாதுவான ஒரு பெண் சிம்பன்சியை மட்டும் உள்ளே விட்டார்கள், அவள் பழகியபின் இன்னொருத்தி. கூட்டத்தின் தலைவனைக் கடைசியாகத்தான் விட்டார்கள். ரோமம் சிலிர்த்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தபடி கதவை உதைத்துக்கொண்டு வந்தான். பாட்டி பற்கள் தெரிய வாயை இழுத்தாள். அந்தப் பதிவைப் பார்த்த ஒருவர், அவள் சிரிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார். அது பயம். பல்லைக் காட்டுவது அவர்களிடம் நடுக்கத்தின் அடையாளம், விளையாட்டின்போது வாய் தளர்ந்து தொங்கும், மேல் பற்கள் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். விளம்பரங்களில் உடை மாட்டிய சிம்பன்சி சிரிக்கிற மாதிரி வரும் படங்களை இனி யாரும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டி அப்புறம் தாழ்ந்து குனிந்து, விட்டு விட்டு உறுமி, மணிக்கட்டை மடக்கி அவன் வாயருகே நீட்டினாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, வலை வழியாகப் பார்த்தே கற்றுக்கொண்டிருப்பாள். அவன் உதட்டால் அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

தினசரி வேலையில் பெரிய மாற்றம் இல்லை. காலையில் தலை எண்ணுவது, யார் சாப்பிடவில்லை, யார் நொண்டுகிறார்கள் என்று பார்ப்பது, அவர்கள் வெளியே போனதும் படுக்கை அறைகளைக் கழுவுவது, உணவைப் புல்லில் தூவியும் உயரத்தில் ஒளித்தும் வைப்பது. பழத்தை ஏன் குறைத்துவிட்டீர்கள் என்று பலர் கேட்டீர்கள். நாம் தின்பதற்காகப் பயிரிட்ட பழங்கள் காட்டுப் பழங்களைவிட இனிப்பு கூடியவை, நார் குறைந்தவை. பல் சொத்தையும் உடல் பருமனும் அதில்தான் வரும். ஆகவே கீரையும் காய்கறியும் இலைதழைகளும்தான் கூடுதலாகப் போகின்றன. கம்பி வலைக்குள் வாழும் சிம்பன்சிகளின் சாவுக்கு இதயநோய் ஒரு பெரிய காரணம். நெஞ்சை வலையோடு ஒட்டி வைத்து, மயக்க மருந்து இல்லாமலே ஸ்கேன் எடுக்க ஒரு ஆண் சிம்பன்சியைப் பழக்கியிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் அவன் எழுந்து போய்விடலாம், யாரும் தடுப்பதில்லை. அதனால்தான் மறுபடி வருகிறான்.

ஒரு வருத்தமான விஷயமும் சொல்ல வேண்டும். சளியோடு ஒருவர் சமையலறைக்குள் வந்துவிட்டார். நல்லவேளை, பாதியிலேயே தெரிந்து அன்றைய உணவு முழுவதையும் கொட்டினோம். லேசான சளிதானே என்று நினைக்காதீர்கள். 2013ல் உகாண்டாவின் கிபாலே காட்டில், நமக்கு வெறும் தும்மலோடு போகும் ரைனோ வைரஸ் வகை ஒன்று பரவி 5 சிம்பன்சிகள் இறந்தன. தொண்டை கரகரத்தால் வீட்டிலேயே இருங்கள். முகக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம்.

குட்டி பிறக்காதா என்று இந்த வருடமும் கேட்டார்கள். பிறக்காது. பெண்களுக்குக் கருத்தடை உண்டு. காட்டுக்குத் திரும்ப முடியாத இன்னொரு உயிரை இங்கே உருவாக்குவது சரணாலயத்தின் வேலை இல்லை, மீட்கப்பட்டு இடத்துக்குக் காத்திருப்பவர்களே நிறைய. 50 வயது தாண்டியும் வாழும் உயிர்கள் இவை. நம்மில் பாதிப் பேருக்குப் பிறகும் இவர்களுக்குச் சோறு போட ஆள் வேண்டும். இளையவர்களைச் சேர்க்கச் சொல்லி நான் நச்சரிப்பது அதற்குத்தான்.

கடைசியாகப் போர்வை. காட்டில் சிம்பன்சிகள் ஒவ்வொரு இரவும் மரக்கிளைகளை வளைத்துப் புதிதாகப் படுக்கை கட்டும். இங்கே போர்வையும் வைக்கோலும்தான். பாட்டி வந்த நாட்களில் ஒற்றைப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்வாள். போன மாதம் துவைத்த மூட்டையை இறக்கப் போனபோது பார்த்தேன், நான்கு போர்வைகளைத் தன்னைச் சுற்றி வளையமாக வைத்து, ஓரத்தைக் காலால் மிதித்து அமுக்கி, நடுவில் மல்லாந்து கிடந்தாள். அந்தச் சாதுவான பெண் அவள் தோளில் ரோமத்தை விலக்கி விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி என்னை ஒரு தரம் பார்த்தாள். எழுந்து வரவில்லை. நான் மூட்டையை வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.

இன்னும் போர்வைகள் தேவைப்படுகின்றன. ஜிப், பொத்தான் வைத்தவை வேண்டாம். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் விரலில் சுற்றி ரத்த ஓட்டம் நின்றுவிடும், வெட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள். துவைக்கும் முறைப்பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது, இரண்டு வாரங்களுக்கு இன்னும் பெயர் எழுதப்படவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்