நோட்டில் எழுதச் சொன்ன அத்தைக்கும் மற்றவர்களுக்கும்

பேராவூரணி வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். கைத்தடியின் துணையோடு திண்ணை வரை நடக்கிறார். நடந்தவை உங்கள் அனைவருக்கும் தெரியும். இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், நள்ளிரவில் கார் எடுத்து வந்தவருக்கும், தோப்புக்கு முறை தவறாமல் தண்ணீர் பாய்ச்சி மாடுகளையும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், தஞ்சாவூரில் வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த சின்னம்மா குடும்பத்தாருக்கும் எங்கள் வீட்டார் அனைவரின் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஊர் முறையில் அவர் எனக்கு அத்தை; பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார். மருத்துவமனைக்கு வந்தவர், மஞ்சள் பையிலிருந்து 3,000 ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். நான் தயங்குவதைக் கண்டதும், "இது உதவி இல்லப்பா. எங்க வீட்டுக் காதுகுத்துக்கு உங்க அப்பா 501 ரூபாய் மொய் எழுதினாரு. உங்க வீட்டுல விசேஷமே வரல, நான் எப்பத்தான் செய்யிறது? பழசு போக மிச்சம் புதுசு. நோட்டுல எழுதிக்க" என்றார். நோட்டு வீட்டில் இருக்கிறது என்றேன். அவர் விடவில்லை, ஒரு தாளில் ஊர், பெயர், தொகை மூன்றையும் என்னை எழுதவைத்து, சரிபார்த்த பிறகே கிளம்பினார்.

மொய்யை விசேஷத்தில்தான் திருப்பிச் செய்வார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவந்து செய்தவரை நான் அதுவரை கண்டதில்லை. வழக்கத்தை மீறித்தான் அவர் எங்கள் மானத்தைக் காத்தார். இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் குனிந்து வாங்கியிருப்பேன். வரவாக எழுதச் சொன்னதால் நிமிர்ந்து வாங்க முடிந்தது. அந்த 501 ரூபாயை மட்டும் திருப்பியிருந்தால் இரு வீட்டுக்கும் இடையிலான கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். கூடுதலாக வைத்ததால், அடுத்துச் செய்ய வேண்டிய முறை எங்களுடையதாயிற்று, உறவும் தொடர்கிறது.

ஆடி, ஆவணி மாதங்களில் ஆட்டுக்கறி விருந்து வைத்து மொய் வாங்கி, அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் நம்மிடையே பலர். வட்டியில்லாப் பணம் என்று அதை வெளியூர்க்காரர்கள் வியந்து பேசுகிறார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய நகையை அடகு வைத்தவர்களையும் நாம் அறிவோம் என்பதால், அந்த வியப்பில் என்னால் முழுமையாகக் கலந்துகொள்ள முடிவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, செய்ய வேண்டிய மொய்யைச் செய்ய இயலாமல் விருந்துகளுக்குப் போகவே கூசியவர்கள் எத்தனை பேர்! அதே வழக்கத்தை, கையேந்த நேர்ந்தவன் கூசாமல் வாங்கிக்கொள்வதற்கான வழியாக அத்தை மாற்றிக் காட்டினார்.

அவருடைய பேரனுக்குக் காதணி விழா வரும்போது, பழையதோடு புதியதும் சேர்த்து எங்கள் வீட்டிலிருந்து மொய் எழுதப்படும். இரத்தம் கொடுத்தவர்களுக்கு அவ்வாறு திருப்பிச் செய்ய இயலாது. அவர்களுக்கு அது தேவைப்படவே கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறோம். ஆகவே, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆண்கள் இரத்தம் கொடுக்கலாம் என்பதால், உடல் இடங்கொடுக்கும் வரை முகமறியாத எவருக்கேனும் நானும் தம்பியும் கொடுத்துவருவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நாங்கள் இல்லாத நேரத்தில் அம்மாவின் தலையணைக்கடியில் பணம் வைத்துவிட்டுப் போனவர்கள் தயவுசெய்து தங்கள் பெயரைத் தெரிவிக்க வேண்டும். அத்தையின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் வரவில் எழுத வேண்டும்; பெயர் தெரியாமல் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் எப்படி வருவது?