நண்பனுக்கு: மொன்டானா நீதிபதி ஒருவரைப் பற்றி

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. உன் மகன் வக்கீலாகப் பதிவு செய்துவிட்டான் என்று எழுதியிருந்தாயே, ரொம்ப சந்தோஷம். அவனும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நீதிபதியைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் ஜார்ஜ் போர்க்வின். 1863-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற தாமிரச் சுரங்க ஊரில் வக்கீலாக இருந்தார், அப்புறம் மாநில நீதிபதி. 1912-இல் ஜனாதிபதி டாஃப்ட் அவரை மொன்டானாவின் மத்திய நீதிமன்றத்துக்கு நியமித்தார். 1934 வரை அங்கேதான்.

1918 ஜனவரியில் வெஸ் ஹால் என்ற பண்ணைக்காரர் வழக்கு அவரிடம் வந்தது. உலகப் போர் நேரம். ஜெர்மனி ஜெயிக்கும், ஜெயிக்கட்டும், நம் ஜனாதிபதி வால் ஸ்ட்ரீட் பண முதலாளிகளின் கையாள் என்றெல்லாம் ஹால் பேசியிருக்கிறார். ஓட்டல் சமையலறையில், பிக்னிக்கில், தெருவில், சாராயக்கடை வாக்குவாதத்தில். படைக்குக் குந்தகம் விளைவித்தார் என்று உளவுச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். போர்க்வின் அதை ஜூரியின் முடிவுக்கு விடவே இல்லை, விடுதலை என்று தானே சொல்லிவிட்டார். ஹால் பேசிய ஊரில் இருந்தது அறுபது பேர், ரயிலடி அறுபது மைல் தூரம், சுற்றிப் பல நூறு மைலுக்குப் படை எதுவும் கிடையாது. இரண்டு மூன்று மைல் தள்ளி நிற்பவனைக் கொல்ல நினைத்து ஒருவன் சின்னக் கைத்துப்பாக்கியால் சுட்டால் அது கொலை முயற்சி ஆகிவிடுமா என்று தீர்ப்பில் கேட்டார். ஹால் பேசியதை அவர் மெச்சவில்லை, கவனி. இந்தச் சட்டத்துக்குள் அது வராது என்றார், அவ்வளவுதான்.

மாநிலமே கொதித்துப்போனது. அடுத்த மாதமே மொன்டானா சட்டசபை கடுமையான தேசத்துரோகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மே மாதத்தில் அதே போல நாடு முழுமைக்கும் ஒன்று வந்தது. ஹாலுக்கு நற்சாட்சி சொன்ன சார்லஸ் க்ரம் என்ற மாநில நீதிபதியை மாநில செனட் விசாரித்துத் தண்டித்தது. அந்தப் பழியை அதே செனட் நீக்கியது 1991-இல்தான். போர்க்வினுக்கு ஆயுட்கால நியமனம் என்பதால் அவர்மேல் கைவைக்க முடியவில்லை.

என்னை உறுத்துவது 1920-இல் அவர் சொன்ன ஒரு தீர்ப்பு. போர் நேரத்தில் ஸ்டார் என்பவரை ஒரு கும்பல் மடக்கி நாட்டுக் கொடியை முத்தமிடச் சொன்னது. வெறும் துணி, கிருமி இருந்தாலும் இருக்கும், மாட்டேன் என்றார். மொன்டானாவின் அந்தத் தேசத்துரோகச் சட்டப்படி பத்து முதல் இருபது வருஷம் கடுங்காவல், 500 டாலர் அபராதம். ஆட்கொணர்வு மனு போர்க்வினிடம் வந்தது. தண்டனை கொடுமை என்றும், தப்பு அந்தக் கும்பலுடையது என்றும் வெளிப்படையாக எழுதினார். ஆனால் மாநிலச் சட்டம் செல்லும், தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார். அதே வருஷம், வாரண்ட் இல்லாமல் தொழிற்சங்கக் கட்டடத்தில் புகுந்து பறித்ததை ஆதாரமாக வைத்து நாடுகடத்தப் பார்த்த ஒரு தொழிலாளியை விடுவித்தவரும் அவரேதான்.

ஹாலைக் காப்பாற்றிய கறார்தான் ஸ்டாரைக் கைவிட்டது என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் ஸ்டார் விஷயத்தில் என் மனசு ஒப்பவில்லை. அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற 78 பேருக்கு 2006-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அதற்குள் அவர்கள் வாழ்க்கையே முடிந்துவிட்டது.

நீ இத்தனை காலம் கோர்ட்டில் பழகியவன். அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஸ்டாரை விட்டிருப்பாயா? மகனிடமும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்