அம்மிணிக்கு, வண்டி வாங்கும் விஷயமாக

பொள்ளாச்சி,
ஞாயிறு இரவு.

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதித்தான் பழக்கம். அப்படியே எழுதியிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மணி அடித்ததும் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். வண்டிப் பேச்சை எடுத்தால் அது வேறெங்கோ போய்த் தீபாவளிக்கு நடந்ததில் முடியும். அதனால்தான் தபால். கடிதம் கைக்கு வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

நீ அனுப்பிய படங்களை ஸ்பேர்ஸ் கடைப் பையனின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டுமே கேடிஎம் 300 இஎக்ஸ்சி, காட்டுப் பாதைக்கான டூ-ஸ்ட்ரோக் வண்டி. 2016 வண்டி கார்புரேட்டர், 2019 வண்டி டிபிஐ, அதாவது சென்சர் வைத்து அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஏற்பாடு. ஒற்றைப் பிஸ்டனில் 300 என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. போரும் ஸ்ட்ரோக்கும் 72 மில்லிமீட்டர் என்று பையன் படித்துக் காட்டினான். கணக்குப் போட்டால் 293 சிசி வருகிறது. நம் யெஸ்டியே 250தான். ஆனால் எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல்தானாம். யெஸ்டி எருமை என்றால் இது புள்ளிமான். இருக்கை உயரம்தான் 960 மில்லிமீட்டர். உனக்கு ஒரு காலின் நுனி ஊன்றினாலே பெரிது. சேற்றில் சாய்ந்தால் காலை எங்கே வைப்பாய்? விழுந்த வண்டியைத் தூக்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? தனியாகப் போகாதே.

எது என்று கேட்டாயே. டிபிஐ நல்ல ஏற்பாடுதான். எண்ணெய்க்குத் தனித் தொட்டி, தானே கலந்துகொள்ளும். மலை ஏறினாலும் குளிர் அடித்தாலும் ஜெட் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்குள் நின்றுவிட்டால் சென்சரிடம் என்ன பேசுவாய்? கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் கழற்றி ஊதிவிட்டு வரலாம், அதை நீ எட்டாம் வகுப்பிலேயே செய்திருக்கிறாய். எனக்கும் அதற்குத்தான் யோசனை சொல்லத் தெரியும். இதில் என் சுயநலமும் இருக்கிறது என்று வைத்துக்கொள். 2016 வண்டியில் பட்டனோடு கிக்கரும் இருக்கிறது, அது ஒன்றே போதும்.

அதற்குப் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். நாங்கள் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றிப் புகையிலேயே வாழ்ந்தோம். இதற்கு அறுபதுக்கு ஒன்று என்கிறார்கள், ஐந்து லிட்டருக்கு 83 மில்லி வரும். கண்ணளவில் ஊற்றாதே, அளவுக் குவளை வாங்கிக்கொள். உன் அம்மா ரசத்துக்குப் புளி கரைப்பது போன்ற வேலை இல்லை இது.

மீட்டர் 140 மணி நேரம் காட்டுகிறது என்றாய். மீட்டர் காட்டுவதை நம்பாதே, அதை மாற்றப் பத்து நிமிடம் போதும். பூட்ஸ் உரசி உரசிக் கிளட்ச் மூடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஃபுட்ரெஸ்ட் பல் மழுங்கியிருக்கிறதா என்று பார். ஸ்பிராக்கெட் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் உடைமைக்காரன் சோம்பேறி. அவன் இன்ஜினுக்குள் என்ன செய்திருக்கப் போகிறான்? முன்போர்க் சீலில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் துடைத்துப் பார். ஹாண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல இருந்தால் பேரிங் போய்விட்டது. இதெல்லாம் பணத்தால் சரியாகிற விஷயம், பேரம் பேச உதவும். சேஸிஸ் எண்ணை அங்கத்து அரசின் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் போட்டுக் கடன் பாக்கியோ திருட்டோ இல்லை என்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னாய். நல்லது. காட்டுப் பாதைக்கான அந்தத் தனிப் பதிவையும் தள்ளிப்போடாதே.

இன்ஜின் அப்படியில்லை. முடிந்தால் சைலன்சர் பைப்பைக் கழற்றச் சொல். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை இறுகிய இன்ஜின். கழற்ற மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. பிஸ்டன் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேள், 'மாற்றினேன்' என்ற வாய்ச்சொல் பில் ஆகாது.

அடுத்தது கிராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் எண்ணெயை இன்ஜின் குடிக்கும், வெள்ளைப் புகை நிற்காது. அது கண்ணுக்குத் தெரிகிற நோய். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெறும் காற்று உள்ளே போகும். புகை கிடையாது. வண்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடும். உள்ளே பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து, சூடேறி, பிஸ்டன் உப்பிப் போரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வண்டி சூடான பிறகு ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டு விடு. சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் அந்தரத்தில் தொங்கினால் எங்கோ காற்று போகிறது. வாங்காதே.

ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சின் மேல் இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வராதே. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றது, அவ்வப்போது லேசாகத் திருகிவிடு. தனியாகப் போகாதே என்று முன்பே எழுதிவிட்டேன் போல.

நீ போகிற மலையின் பெயரைப் பையன்தான் தேடிச் சொன்னான். மவுண்ட் டிசப்பாயின்ட்மென்ட். ஏமாற்ற மலையாம்! 1824இல் ஹ்யூம், ஹோவெல் என்ற இரண்டு பேர் உச்சியிலிருந்து கடல் தெரியும் என்று அந்த ஏற்றத்தை ஏறியிருக்கிறார்கள். மேலே போனால் மரம் மறைத்துவிட்டதாம், அந்த எரிச்சலில் வைத்த பெயர். மெல்போர்னைச் சுற்றி வேறு காடே இல்லையா உனக்கு? மழைக்காலத்தில் பாதி வழியைப் பூட்டிவிடுகிறார்கள், போன் சிக்னலும் கிடையாது என்று நீயே சொன்னாய். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சிறு கருவி ஒன்று விற்கிறதாம். வண்டியில் விலை குறைத்துப் பேசி அதை வாங்கு.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்து, தெருமுனையில் வருவது ஆர்எக்ஸ் 100ஆ சுசுகியா என்று பார்க்காமலே சொன்னவள் நீ. ஆனைமலைப் பெரியப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். பெண் பிள்ளை ஸ்பேனர் பிடிக்கக் கூடாது என்றவரும் அவர்தான். நான் அப்போது வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் ஆறு வருடத்தில் இரண்டே முறை வந்தாயோ என்று சில சமயம் நினைப்பேன்.

வண்டி நிறுத்தப்போகிற இடம் என்று ஷெட் படம் ஒன்றும் அனுப்பியிருந்தாய். இடம் தாராளமாக இருக்கிறது. மாப்பிள்ளையின் கார் நின்ற இடத்தில் போன வருடப் படத்தில் எண்ணெய்க் கறை ஈரமாக இருந்தது. கியர்பாக்ஸ் சீலைப் பார்க்கச் சொல் என்று அப்போதே நான் சொல்லியிருந்தேன். இந்தப் படத்தில் கறை காய்ந்து, மேலே தூசி படிந்து, தூசிக்கு மேல் சருகு கிடக்கிறது. சீலை மாற்றியிருப்பார். நல்லது.

யெஸ்டி என்றதும் உனக்கும் அது நினைவுக்கு வந்திருக்கும். எஸ்டேட் மேஸ்திரிக்கு விற்ற மெரூன் வண்டி. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. இதுவரை அதைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. அந்த வண்டியின் பிஸ்டனில் கீறல் இருந்தது. ரீபோர் செய்யப் பணம் இல்லை, கந்து கட்டுகிற வாரம் வேறு. எமரி தாளால் தேய்த்து மாட்டினேன். மேக்னட் சீல் போயிருந்தது எனக்குத் தெரியும். மேஸ்திரி வருவதற்கு முன்பே கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்தேன். அவருக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, என்னைக் கேட்காமல் உன்னைக் கேட்டார்: "பாப்பா, வண்டி நன்றாக இருக்கிறதா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "நன்றாக இருக்கிறது" என்றாய்.

மூன்றாம் வாரம் வால்பாறையிலிருந்து இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் சக்கரம் பிடித்துக்கொண்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் பட்டறைக்கு வந்தவரிடம், நீங்கள் எண்ணெய் குறைவாக ஊற்றியிருப்பீர்கள் என்றேன். அவர் அதை நம்பி, தன்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நீ அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய், கணக்கு நோட்டோடு. கடைசிவரை அந்தக் கால் அவருக்குச் சரியாகவில்லை. சந்தையில் அவரைப் பார்த்தால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். போன மாசியில் தவறிவிட்டார். அந்தச் சாவுக்கும் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பணம் கொடுத்திருக்கலாம், குறைந்தபட்சம் உண்மையையாவது சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் இருபது வருடம் நேரம் இருந்தது.

பதின்மூன்று வயதுப் பெண்ணை அப்படிச் சொல்ல வைத்தேன். இப்போது உன் அம்மா ஒவ்வொரு வாரமும் போனில், "மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறாள். "நன்றாக இருக்கிறார்" என்கிறாய். அவளுக்கு அது போதும். எனக்கு அந்தக் குரலை முன்பே தெரியும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

அரிசியும் மஞ்சள்தூளும் உன் அக்கா அனுப்புவாள். தோப்பு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

வண்டி பார்க்கப் போகும் முன் அந்த ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு, நான் வரும்வரை கிக்கரைத் தொடக் கூடாது என்று. போனதும் முதலில் இன்ஜின்மேல் கை வை. சூடாக இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிடு. குளிர்ந்திருந்தால் எனக்குப் போன் போட்டு இன்ஜின் பக்கத்தில் பிடி. முதல் சத்தத்தை நான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போ. உனக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்கு நாலரை, நான் விழித்துத்தான் இருப்பேன். அம்மா எழுந்திருக்க ஐந்தரை ஆகும்.

அன்புடன்,
அப்பா