ஏழு கடலுக்குச் சேலை தந்தவர்களுக்கு

எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும், தாழங்குடாவிலிருந்தும் வண்டிப்பாளையத்திலிருந்தும் வந்து கூட நின்றவர்களுக்கும் வணக்கம்.

பாப்பாவின் ஐந்தாவது பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். பாயசத்தையும் பிள்ளைகளையும் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

போன வருடம் அவள் பிறந்தநாள் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரை கொள்ளாமல் நம் கடலூருக்குள் வந்தது. டிசம்பர் 3, அவளுக்கு நான்கு வயது நிறைந்த நாளில், முகாமில் பாயில் உட்கார்ந்திருந்தோம். பிறந்தநாள் என்று கேள்விப்பட்ட ஒரு அம்மா, தனக்குக் கிடைத்த பிஸ்கட் பாக்கெட்டை அவள் கையில் வைத்து, "நல்லா இரு தாயி" என்றார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முதல் நன்றி அவருக்கு.

அதற்குப் பிறகு தண்ணீர் என்றாலே பாப்பாவுக்குப் பயம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாலும் அலை பக்கம் வரமாட்டாள். வாசலில் மழைத் தண்ணீர் தேங்கினால் தூக்கிக்கொள்ளச் சொல்வாள்.

இந்த வருடம், "கதையில வர்ற மாதிரி பிறந்தநாள் வேணும்" என்று கேட்டாள். கோட்டை, சிம்மாசனம், பலூன் வளைவு எல்லாம் சேர்த்து ஒரு இடத்தில் விலை கேட்டோம். 18,000 ரூபாய் என்றார்கள். வெள்ளத்தில் போன சாமான்களையே இன்னும் வாங்கி முடிக்காத வீடு. திரும்பி வந்துவிட்டோம். வழி சொன்னது எதிர்வீட்டு ஆயாதான். "தினம் நான் சொல்ற கதை இருக்கே. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள்ள கிளி, கிளிக்குள்ள ராட்சசன் உயிர். அதையே பண்ணிடு" என்றார். பாப்பா உடனே கேட்டாள்: "நம்ம ஊர்லயே ஒரு கடல் இருக்கே ஆயா, அப்ப மிச்சம் ஆறுதானே?"

ஏழு கடலுக்கு ஏழு வீட்டுச் சேலை. நான் கேட்டது பழைய சேலை. நீங்கள் தந்ததில் இரண்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டு. அதைத் தரையில் விரிக்க எனக்கு மனசு வரவில்லை. "கொழந்த கால் பட்டா என்ன ஆயிடும்" என்று நீங்களே விரித்துவிட்டுப் போனீர்கள். தாழங்குடாவிலிருந்து பழைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாத்தா, வந்ததும் சேலைகளை மாற்றி அடுக்கினார். கரையை ஒட்டிக் கலங்கல் நிறம், அப்புறம் பச்சை, அப்புறம் நீலம், ஆழத்துக்குப் போகப் போகக் கருநீலம். கடலுக்குள் போகிறவர் கண்ணில் கடல் அப்படித்தான் இருக்குமாம். அந்த வரிசையில் பார்த்தபோது மாடியில் நிஜமாகவே ஒரு கடல் கிடந்தது. அவர் கொண்டுவந்த வலையைக் கயிற்றுக் கட்டில் மேல் போர்த்தியதும் குகையும் தயார். மளிகைக்கடை அண்ணன் தந்த அட்டைப் பெட்டிகளுக்கு மேல் கோணியைப் போட்டு மலைகளை முடித்தோம்.

கிரீடத்துக்குத் தையல்கடை அண்ணன் சொன்ன கணக்கை இன்னொரு வீட்டில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். சார்ட் பேப்பரின் நீளவாக்கில் 18 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதன் நடுவே பல் பல்லாகக் கத்தரித்தால் இரண்டு பக்கமும் கிரீடம் கிடைக்கும், துண்டு வீணாகாது. ஒரு சார்ட்டில் ஆறு. மூன்று சார்ட்டில் பதினான்கு பிள்ளைகளுக்கும் செய்து, ஆயாவுக்கும் ஒன்று வைத்தோம். அவர் அதை இரவு வரை கழற்றவில்லை.

அங்கன்வாடி டீச்சர் சொன்னதையும் மறக்க மாட்டேன். இரண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் பிள்ளைகள் அழும். கைக்குழந்தைகள் வருவதால் பலூன் வேண்டாம், வெடித்த துண்டு வாய்க்குள் போய்விடும். மந்திரக்கோலுக்கு ஈர்க்கு வேண்டாம், கண்ணில் குத்தும், செய்தித்தாளைச் சுருட்டிக்கொள். எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொரு அம்மாவிடமும் கேட்டுவிடு. கேட்டேன். ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலையும் முந்திரியும் சேராது என்று அப்போதுதான் தெரிந்தது. முந்திரி விளையும் மாவட்டத்தில் முந்திரியே போடாமல் சேமியா பாயசம், கூடவே பொரி உருண்டை.

வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்யும் அண்ணா, ராட்சசன் முகத்தைக் காகிதக் கூழில் செய்து தந்தார். மார்கழிக்கு முந்தைய ஈரக் காற்றில் அது காயவே இல்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காய வைத்தாராம். பந்தல்காரர் குருத்தோலையில் கிளி முடைந்தார். முந்தின நாள் ராத்திரி அந்தக் கிளியைப் பிடித்துக்கொண்டு பாப்பா அழுதாள்: "நாளைக்கு இதைக் கொல்லணுமா?" ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். கிளியை வெளியே விட்டதும் ராட்சசனுக்குக் கோபம் போய்விடும், அவனும் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிப்பான் என்று கதையை மாற்றினார். பாட்டி காலத்துக் கதையை மாற்றலாமா என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் கதை சொல்பவர் அவர், மாற்றும் உரிமையும் அவருக்குத்தான்.

இரண்டு ஞாயிறு மழையில் போய், மூன்றாவது ஞாயிறு வெயில் வந்தது. அத்தைமார்கள் இரண்டு பக்கமும் நின்று சேலையை அலை போல ஆட்டினார்கள். மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பாப்பா முதல் சேலையிலேயே நின்றுவிட்டாள். உதடு துடிப்பதை நான் பார்த்தேன். தூக்கப் போனேன். வலைத் தாத்தா கையைக் காட்டி என்னை நிறுத்தி, "ஆட்டாதீங்கம்மா, கடல் தூங்கட்டும்" என்றார். சேலைகள் அடங்கின. அவர் குனிந்து ஒற்றை விரலை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடலாகக் கால் வைத்தாள். ஐந்தாவதில் விரலை விட்டுவிட்டாள். தாத்தா, உங்கள் விரலுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

ராட்சசனாக வந்த ஆட்டோ மாமாவுக்கு இரண்டு டம்ளர் பாயசம் போனது. மொத்தச் செலவு 2,640 ரூபாய். அதில் பாதிக்கு மேல் சாப்பாடு.

சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பட்டு இரண்டையும் தண்ணீரில் நனைக்காமல் நிழலில் ஆற வைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாளைச் சாயங்காலம் வீடு வீடாக வருகிறேன். கிளியை மட்டும் பந்தல்காரர் கேட்டாலும் தர முடியாது. காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஜன்னலை விட்டு எடுக்க பாப்பா விடமாட்டேன் என்கிறாள். அப்புறம், எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அடியில் பெயர் வெட்டவில்லை. யாருடையதோ, வரும்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா