அல்வாவும் உன் சிறிய இரைப்பையும்

பாளையங்கோட்டை

அன்பு மகன் சங்கரனுக்கு,

அம்மா எழுதுவது. தொலைபேசியில் பேசினால் பதற்றத்தில் திட்டிவிடுவேன் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். சித்தி மகன் புனேவுக்குக் கொண்டுவந்த அல்வாவில் ஐம்பது கிராம் அளவுக்குச் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, வயிறு முறுக்கி, கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நீ அலைந்ததை மருமகள் சொன்னாள். மாரடைப்போ என்று அவள் அழுதிருக்கிறாள். மறுநாள் மருத்துவர் பரிசோதித்துவிட்டு அதை 'டம்பிங்', அதாவது உணவு குடலில் மொத்தமாகக் கொட்டிவிடுவது, என்று சொன்னாராம். பள்ளியில் உயிரியல் நடத்தியவளுக்கு அது புரியாமல் இல்லை.

இயல்பான இரைப்பையின் அடிவாயில் ஒரு சுருக்குத் தசை உண்டு. கால்வாய் மடை தண்ணீரை அளந்து விடுவதுபோல, அரைபட்ட உணவை அது கொஞ்சங்கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு அனுப்பும். எடை குறைய உனக்குச் செய்த இரைப்பை பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலில் இணைத்திருப்பதால், அந்தத் தசை இப்போது உணவு செல்லும் பாதையிலேயே இல்லை. சர்க்கரை மொத்தமாகக் குடலில் வந்து விழும்போது, அந்தச் செறிவைத் தணிக்க இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இறங்குகிறது. குடல் ஹார்மோன்களும் கூடவே சுரக்கின்றன. உன் படபடப்புக்கும் வயிற்றோட்டத்துக்கும் அதுதான் காரணம்.

இது சாப்பிட்ட அரை மணிக்குள் வருவது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருகிற இன்னொரு வகையும் உண்டு. நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். விரைவாக ஏறிய சர்க்கரைக்கு ஈடுகொடுக்க இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும், சிலர் மயங்கியும் விழுவார்கள். அந்த நேரத்தில் நீ பைக்கில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நடுக்கத்துக்கு மருந்தென்று மறுபடியும் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் அடுத்த சுற்று தொடங்கும். அப்போது எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்.

எதிர்வீட்டுப் பையன் ஜாங்கிரி சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று நீ கேட்பாய். அவனுக்குச் செய்தது ஸ்லீவ் அறுவை; இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும் அடிவாய்த் தசை அப்படியே இருப்பதால், அவனைப் போன்றவர்களுக்கு டம்பிங் குறைவாகவே வரும். அதை நான் அதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன். உடம்பு எச்சரிக்காததால் அவன் கை நிற்கவில்லை. குறைந்த எடை மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் அல்வாவை நீ அறியாதவன் அல்ல. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு, நெய் பிரிந்து வரும்வரை கிளறுவார்கள்; இலையில் வைத்த சூட்டில் ஓரமெல்லாம் நெய் கசியும். மெல்லவே வேண்டாம், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று ஊரே பெருமை பேசும். உனக்கு ஆகாததும் அதுவே. ஒரு தோசையில் நிறைந்துவிடும் உன் பை, வழுக்கி இறங்கும் அல்வாவுக்கு 'போதும்' என்று சொல்வதில்லை. ஆச்சியோ கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று ஒரு பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருக்கிறாள். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்கிற அதே சர்க்கரைதான், பதநீரின் இனிப்பும் அதுவே.

அல்வா சாப்பிட்டதைவிட, அது சுற்றியிருந்த தாளை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாயே, அதுதான் எனக்கு வருத்தம். அறுவை உன் வயிற்றைத்தான் மாற்றியது. நாக்கு சிறுவயதிலிருந்து இங்கே பழகிய நாக்குதான், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் ஒப்புக்கொண்டால், என்றைக்காவது, புரத உணவு உண்ட பிறகு, நகத்தளவு எடுத்து, மருமகள் எதிரிலேயே சாப்பிடு. வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.

ஆவணியில் உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு வரப்போகிறாய். நம் பந்தியில் இலையில் முதலில் இனிப்புதான் விழும். அதை ஒரு வாய் தொட்ட பிறகுதான் மற்றதெல்லாம் என்பார்கள். உனக்குச் சொல்லியிருப்பதோ முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. ஆகவே அவித்த பயறும் பனீரும் ஒரு டப்பாவில் கொண்டுவருகிறேன். உட்காருவதற்கு முன்பே சாப்பிட்டுவிடு. மறுநாள் விருந்தில் தேங்காய்ப்பால் சொதியில் காயை மட்டும் எடுத்து நன்றாக மென்று சாப்பிடு. தண்ணீர் அரை மணி நேரம் கழித்துத்தான். பாயசம் ஊற்ற வருகிறவரிடமும், மனம் கோணுகிற பெரியவர்களிடமும் நான் பேசிக்கொள்கிறேன். அறுவை செய்ததை நீ யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 'மருத்துவர் வேண்டாம் என்றிருக்கிறார்' என்பதே போதும்.

பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஊருக்கு வரும்போதும் மறக்காமல் எடுத்து வா. சர்க்கரை இறங்குவது பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. மருத்துவர் எழுதித் தரும் தாளை மருமகளிடமும் காட்டு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா