நாயக்கர் காலத்து மணி மண்டபத்தில் குப்பை எரிப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
மண்டபத்து விலக்கில் டீக்கடை நடத்துபவர்,
திருமங்கலம் – டி.கல்லுப்பட்டி சாலை,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பொருள்: மணி மண்டபத்தில் குப்பை கொட்டி எரிப்பதைத் தடுத்து, பயணிகள் பார்க்க வழி செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் விலக்கில் நிற்கும் கல் மண்டபம் தாங்கள் அறியாததல்ல. கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் தங்கள் வாகனம் அதைத் தாண்டித்தான் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூசை முடிந்ததும் அங்கே மணி அடிக்க, அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிக்க, அப்படியே சுமார் 75 கிலோமீட்டர் தாண்டி ஓசை மதுரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்பது இந்தச் சாலையோரத்து ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்த வரிசையில் மிச்சம் இருப்பவற்றில் ஒன்றுதான் எங்கள் மண்டபம்.

இது குறித்து ஏற்கெனவே உரிய அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறோம். பதில் வரவில்லை. ஆகவே தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்.

1. சுற்றுவட்டாரத்துக் குப்பை முழுவதும் வண்டியில் வந்து மண்டபத்தின் மேற்குப் பக்கம் கொட்டப்படுகிறது.

2. கொட்டுவதோடு விட்டாலும் பரவாயில்லை, எரிக்கிறார்கள். எங்களுக்குத் தாங்க முடியாதது இதுதான் ஐயா. கருங்கல்தானே, தீ என்ன செய்யும் என்கிறார்கள். சூடு ஏற ஏறக் கல் வெடிக்கும். மேற்கு வரிசைத் தூண்களின் அடிப்பகுதியை விரலால் தொட்டாலே கல் அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வருகிறது. ஒரு தூணில் கைகூப்பி நிற்கும் உருவம் ஒன்று உண்டு. அதற்கு இப்போது இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, ஒரே கரி. மூக்கும் ஒரு பக்கம் உதிர்ந்துவிட்டது. உருகிய பிளாஸ்டிக் படிக்கட்டில் வழிந்து கெட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. கடப்பாரை வைத்துச் சுரண்டினால் கல்லும் சேர்ந்து வரும் என்று பயந்து விட்டுவிட்டோம். மணி தொங்கியதாகச் சொல்லும் மேல்கல்லில் புகை படிந்து விரல் கனத்துக்குக் கரி. இத்தனை வருடம் மழையும் வெயிலும் செய்யாததை இந்தத் தீ செய்துகொண்டிருக்கிறது.

3. குற்றாலம் போகிறவர்கள், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், ஆண்டாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்று தினமும் யாராவது வண்டியை ஓரங்கட்டி, "மணி மண்டபம் இதுதானா?" என்று கேட்கிறார்கள். கையைக் காட்டிவிட்டு நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தையின் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அந்தத் தாய் திரும்பி வண்டியில் ஏறுவதைத் தாங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். இவர்கள் திண்டுக்கல் மணிக்கூண்டை நின்று படம் எடுத்துவிட்டு வருகிறவர்கள். கீழவெளி வீதியில் மரியன்னை பேராலயத்தின் இரட்டை மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள். அவற்றைவிட நம் மண்டபத்துக்கு வயது அதிகம் ஐயா. ஒரு பெயர்ப் பலகைகூடக் கிடையாது.

4. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-லேயே விதி வந்தாகிவிட்டது. பழஞ்சின்னங்களைக் காக்க 1966-ல் தமிழக அரசே சட்டம் போட்டிருக்கிறது. கேட்டால், "பட்டியலில் இல்லாத மண்டபம்" என்று ஒரு மேசையில் சொல்கிறார்கள், "எங்கள் எல்லையில் வராது" என்று அடுத்த மேசையில் சொல்கிறார்கள். சரி, யார் எல்லையில்தான் வருகிறது? பட்டியலில் இல்லாவிட்டால் கொளுத்தலாமா? பாழடைந்து கிடந்த நாயக்கர் மகாலைப் பழுது பார்க்க வெள்ளைக்கார ஆளுநர் நேப்பியருக்கு மனம் வந்தது. அதே நாயக்கர் பெயர் சொல்லும் மண்டபத்துக்கு ஒரு குப்பைத் தொட்டியை நகர்த்தி வைக்க நமக்கு மனம் வரவில்லையா? இப்படியே விட்டால் நாளை சாலையை அகலப்படுத்த வருகிறவர்கள், கரிபிடித்த நாலு கல் என்று எழுதி இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதற்கப்புறம் யாரிடம் மனு கொடுப்பது? கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் கோபம் இருக்கிறது ஐயா.

5. குப்பைக்கு ஊருக்கு வெளியே வேறு இடம் காட்டுங்கள்.

6. மண்டபத்தைச் சுற்றி வேலியும், அதன் கதையைச் சொல்லும் ஒரு பலகையும், வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடமும் வேண்டும். கரியை நாங்களே தேய்த்துவிடத் தயார். ஆனால் கல்லுக்குக் கேடு வராமல் எப்படிச் செய்வது என்று சொல்லித்தரத் தொல்லியல் துறையிலிருந்து ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இதில் எது தாமதமானாலும் தீ வைப்பதை மட்டும் உடனே நிறுத்த உத்தரவிடுமாறு தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மீண்டும் கேட்கிறோம் ஐயா, முதலில் அந்தத் தீயை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண்டபத்து விலக்குப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், தூண்களின் புகைப்படங்கள், ஊரார் கையொப்பம்.