அரிட்டாபட்டியிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் மலைக்காக நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்ட விட்டிருந்த சுரங்க ஏலம் ரத்து என்ற செய்தி 2025 ஜனவரி 23 அன்று வந்தபோது ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதோம். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் நரசிங்கம்பட்டியை ஒட்டி உள்ளே வந்தால் எங்கள் ஊர். சின்ன ஊர்தான். ஆனால் சுற்றிலும் ஏழு குன்றுகள். அந்தப் பாறைகளில் விழுகிற மழை ஊற்றாகவும் ஓடையாகவும் இறங்கிக் கண்மாய்களில் சேரும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் வரும். ஆனைகொண்டான் கண்மாய் 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் அமைந்தது என்கிறார்கள். 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. மலை போனால் கண்மாய் போச்சு, கண்மாய் போனால் வெள்ளாமை போச்சு. எங்களுக்கு இருந்த பயம் அவ்வளவுதான்.

முதல் நன்றி, கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு. எங்கள் ஊர்க் குன்றான கழிஞ்சமலையில் இருக்கும் குகையை நாங்கள் சிறு வயதில் ஆடு மேய்க்கப் போகும்போது மழைக்கு ஒதுங்குகிற இடமாகத்தான் பார்த்திருக்கிறோம். அதன் நெற்றியில் இருக்கும் கீறல்கள் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் என்று படித்துச் சொன்னவர்கள் நீங்கள். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் சமணத் துறவிகளுக்காக இந்த முழையைக் கொடுத்தார் என்கிறது ஒரு வரி. குகை என்பதற்கு அந்த எழுத்தில் இருக்கும் சொல் 'முழாகை'.

அதைவிட என்னை உலுக்கியது சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்துக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கும் கல்வெட்டு. அச்சணந்தி என்ற துறவி செய்வித்த திருமேனி அது. கல்வெட்டு முடியும் இடத்தில் 'பாதிரிக்குடியார் ரட்சை' என்று இருக்கிறது. பாதிரிக்குடி மக்களின் காவலில் இந்தச் சிற்பம் இருக்கிறது என்று பொருள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மலையைக் காப்பாற்றும் வேலையை ஊர்ச்சனங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! கிராம சபையில் ஒருவர் இதைச் சொன்னபோது கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லைப் படித்துத் தந்ததற்கு உங்கள் கைகளைப் பிடித்து நன்றி சொல்ல ஆசை. மலையின் மறுபக்கம் இருக்கும் முற்காலப் பாண்டியர் குடைவரைக் கோயிலையும், அங்கே இருக்கும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம் எவ்வளவு அரியது என்பதையும் உங்களால்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்து, பறவை பார்க்க வந்த தம்பி தங்கைகளுக்கு. விடிவதற்கு முன்னால் வந்து பாறைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி என்று 250 வகைப் பறவைகளுக்குப் பெயர் சொன்னீர்கள். இரவில் அழுகிற தேவாங்கைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமே எடுத்தீர்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனதில் உங்கள் குறிப்பேடுகளுக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர்ப் பெரியவர்களை மறந்தால் பாவம். மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக மலை மலையாக அறுத்தெடுத்த காலத்தில், கழிஞ்சமலையில் கை வைக்க விடாமல் நின்றவர்கள் அவர்கள். அன்று மலை போயிருந்தால் இன்று பேச எதுவும் மிஞ்சியிருக்காது. அவர்களில் சிலர் இப்போது இல்லை.

2024 நவம்பரில் ஏலச் செய்தி வந்த பிறகு நடந்ததை நாடே பார்த்தது. 2,000 ஹெக்டேருக்கும் மேல் சுரங்கப் பரப்பு என்றார்கள். அ. வல்லாளப்பட்டி, எட்டிமங்கலம், நாயக்கர்பட்டி, செக்கிப்பட்டி என்று பக்கத்து ஊர்கள் எல்லாம் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டன. சாதி, கட்சி பார்க்காமல் ஒரே பந்தலில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் அது சாதாரண விஷயம் இல்லை. கடையடைத்த மேலூர் வியாபாரிகளுக்கும், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றிய எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும், கடைசியில் ஏலத்தை ரத்து செய்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம், ஜனவரி 7. சுரங்கம் வேண்டாம் என்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகரின் தல்லாகுளம் வரை நடந்தோம். எழுபது வயது அப்பத்தாக்கள் செருப்பில்லாமல் நடந்தார்கள். "நீங்க வண்டியில வாங்க" என்றதற்கு, "மலைக்குப் போறப்ப வண்டியிலயா போனோம்?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்கள். வழி நெடுக யார் யாரோ மோர் கொடுத்தீர்கள், பிஸ்கட் கொடுத்தீர்கள், கால் வலித்தவர்களைத் திண்ணையில் உட்கார வைத்தீர்கள். உங்களில் பலருக்கு அரிட்டாபட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

ஒத்தக்கடையில் வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற அம்மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூட்ட நெரிசலில் உங்கள் பித்தளைச் சொம்பு எங்கள் ஆட்கள் கையோடு வந்துவிட்டது. துலக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எந்த வீடு என்று தெரியாததால் கொண்டுவந்து தர முடியவில்லை. ஒருநாள் எங்கள் ஊருக்கு வாருங்கள் அம்மா. ஊற்றுத் தண்ணீரை அதே சொம்பில் மொண்டு தருகிறோம்.

அன்புடன்,
அரிட்டாபட்டி ஊர்க்காரர் ஒருவர்